ஊட்டிக் குளிரில் வெஸ்டர்ன் பிளாட்: ஈஸ்ட்டின் ஷை1, ஸ்கோ1 பட்டைகளைப் பிடிப்பது எப்படி?

செய்முறைத் தாளில் "அறை வெப்பநிலை" என்று இருந்தால் 25 டிகிரி என்று அர்த்தம். டிசம்பர் காலையில் ஊட்டி ஆய்வக மேசை அதற்கு வெகு கீழே இருக்கும். இங்கே வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்லில் பிரித்த புரதத்தை மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பட்டையாகக் காணும் முறை) கெடுவது பெரும்பாலும் அதனால்தான். எஸ்.டி.எஸ். ஜெல் (புரதங்களை அளவுவாரியாகப் பிரிப்பது) ஓட்டத் தெரிந்தவர்களுக்காக இது.

நாம் தேடுவது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சுவாசச் சங்கிலியின் நான்காம் கூட்டை (பல புரதங்கள் சேர்ந்த நொதி) கோக்கும் ஈஸ்ட் புரதங்களை. ஸ்கோ1 (சுமார் 33 கிலோடால்டன்) அந்தக் கூட்டின் பாகமான காக்ஸ்2-க்குத் தாமிரம் சேர்க்க உதவுவது. ஷை1 (சுமார் 45) இன்னொரு பாகமான காக்ஸ்1-ஐக் கோக்க உதவுவது. மனிதரில் இதன் இணையான சர்ஃப்1 பழுதானால் லீ நோய் (மூளையைத் தாக்கும் மரபுநோய்) வரும். இரண்டுமே அளவில் கொஞ்சம்தான்.

வளர்ப்பு. குளுக்கோஸ் வேண்டாம், அதில் ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவை அடக்கி வைத்துவிடும். கிளிசரால் நல்லதுதான், ஆனால் ஷை1 ஜீன் நீக்கிய ஈஸ்ட் அதில் சரியாக வளராது. அதனால் இயல்பான ஈஸ்ட், நீக்கிய ஈஸ்ட் இரண்டையும் 2% காலக்டோஸில் வளர்த்துவிடுங்கள். ஒன்றை கிளிசராலிலும் மற்றதை காலக்டோஸிலும் வளர்த்து ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை.

மைட்டோகாண்ட்ரியா பிரிப்பு. வழக்கமான முறைதான்: டி.டி.டி. (செல் சுவரைத் தளர்த்த), சைமோலேஸ் (சுவரைக் கரைக்கும் நொதி), டௌன்ஸ் (செல்லை உடைக்கும் கண்ணாடிக் குழாயும் உலக்கையும்), 12,000 ஜி-யில் சுழற்சி. சைமோலேஸ் 30 டிகிரி வாட்டர் பாத்தில்தான் வேலை செய்யும், மேசையில் வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். செல் கலவையில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தியைப் பாருங்கள். முதல் அளவில் 10-20 சதவீதத்துக்கு இறங்கினால் சுவர் போய்விட்டது. பி.எம்.எஸ்.எஃப். (புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுப்பது) கரைசல் குளிரில் படிகமாகும். சூடேற்றி முழுக்கக் கரைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

சாம்பிளைச் சூடாக்குவது. அதிகம் பேர் தவறுவது இங்கேதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் 92-93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஹீட்டிங் பிளாக்கை 95-இல் வைத்தால் சாம்பிள் கொதித்து மூடி பட்டென்று தெறிக்கும், பாதி சாம்பிள் மூடியில் போய் ஒட்டும். காக்ஸ்1, காக்ஸ்3 போன்ற சவ்வுப் புரதங்களை அவ்வளவு சூடாக்குவதே தப்பு: ஒன்றோடொன்று ஒட்டி ஜெல்லின் உச்சியிலேயே நின்றுவிடும். 50 டிகிரியில் 10 நிமிடம் போதும்.

அதன்பின் ஐஸில் வைக்கக் கூடாது. எஸ்.டி.எஸ். குளிரில் வெள்ளையாகப் படியும், பொட்டாசியம் இருந்தால் இன்னும் வேகமாக. பஃபரில் பொட்டாசியம் பாஸ்பேட் இருந்தால் மைட்டோகாண்ட்ரியாவைச் சுழற்றி அடியில் இறக்கி, மேலுள்ளதை எடுத்துவிட்டு நேராகச் சாம்பிள் பஃபரில் கலக்குங்கள். குழியில் விடும்முன் டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மங்கலாக இருந்தால் 37 டிகிரியில் இரண்டு நிமிடம். ஒரு குழிக்கு 20 மைக்ரோகிராம் புரதம்.

ஜெல்லும் குளிரில் உறைய நேரமெடுக்கும், கலங்கியும் போகும். அவசரப்பட்டு அம்மோனியம் பெர்சல்ஃபேட்டைக் கூட்டாதீர்கள். கரைசலை 25 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றி, இன்குபேட்டருக்குப் பக்கத்தில் வையுங்கள்.

ஆன்டிபாடி. இந்தப் புரதங்களுக்கான சீரம் (ஆன்டிபாடி உள்ள முயல் ரத்தநீர்) பெரும்பாலும் பிற ஆய்வகங்களிலிருந்துதான் வரும். பல முயல்களின் ரத்தத்தில் முன்பே ஈஸ்ட்டை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் இருப்பதால், வேண்டாத பட்டைகள் வரிசைகட்டும். அதற்கு ஒரு வழி: ஷை1 நீக்கிய ஈஸ்ட்டின் புரதத்தை ஒரு மெம்பிரேனில் மாற்றி பால் பூசி, நீர்த்த சீரத்தில் இரவு முழுக்க 4 டிகிரியில் ஊறவிடுங்கள். வேண்டாதவை அதில் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஷை1 இல்லாததால் நமக்கு வேண்டியது சீரத்திலேயே தங்கும். இயல்பான ஈஸ்ட்டை எடுத்தால் எல்லாம் போய்விடும்.

நீக்கிய ஈஸ்ட்டின் லேன் ஜெல்லில் கட்டாயம் இருக்க வேண்டும். அங்கே மறையாத பட்டை 45-க்கு எவ்வளவு நெருக்கமாக வந்தாலும் அது ஷை1 இல்லை. அதே லேனில் காக்ஸ்2 மங்குவது எதிர்பார்த்ததே. எல்லாக் குழியிலும் புரதம் சமமா என்று ஒப்பிட, ஷை1-க்குப் போரின் (வேறொரு மைட்டோகாண்ட்ரியப் புரதம்) சரி; ஸ்கோ1-க்கு வேண்டாம், இரண்டும் 30-ஐ ஒட்டியே ஓடும். அங்கே இன்னொரு மைட்டோகாண்ட்ரியப் புரதமான ஹெச்.எஸ்.பி.60 வையுங்கள்.

முதல் ஆன்டிபாடி 4 டிகிரியில் ஓரிரவு. இரண்டாவதை (முதலாவதில் ஒட்டும், எச்.ஆர்.பி. என்ற நொதி இணைத்த ஆன்டிபாடி) 25 டிகிரி அறையில் ஒரு மணி நேரம். கெமிலூமினசென்ஸ் கரைசலை (அந்த நொதியால் ஒளிர்வது) ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாதீர்கள். 25 டிகிரிக்கு வந்தபின் ஊற்றினால்தான் பட்டை அழுத்தமாக வரும். அசைடு (கெடாமல் காக்கும் பொருள்) போட்டுச் சேமித்த பாலில் எச்.ஆர்.பி. ஆன்டிபாடியைக் கலக்கவே கூடாது; நொதி செத்துவிடும்.

பின்சேர்க்கை: கொடைக்கானல் பக்கம் இருந்து, மெம்பிரேன் முழுக்கக் கரும்புள்ளி என்று கேட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் பால்பவுடர் கட்டிதட்டும். கரையாத துகளில் ஆன்டிபாடி ஒட்டுவதால் இப்படி வரலாம். கரைத்த பாலை வடிதாளில் வடித்துப் பாருங்கள், பவுடரைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடிவையுங்கள். காக்ஸ்17 (நான்காம் கூட்டுக்குத் தாமிரம் கொண்டுவரும் சிறு புரதம்) தேடுபவர்களுக்கு: அது 8 கிலோடால்டன்தான். ட்ரைசின் ஜெல் (சிறு புரதங்களுக்கானது), 0.2 மைக்ரான் மெம்பிரேன் இல்லாமல் அது நிற்காது.