புதிய இடத்தில் சபை தொடங்குகிறவர்களுக்கு: ஹாலைக் கடைசியில் தேடுங்கள்

சபை ஸ்தாபிக்கும் பாரத்தோடு புதிய இடத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது வாடகைக்கு ஒரு ஹால். ஞாயிறு ஆராதனை தொடங்கிய நாளிலிருந்து வாரம் முழுவதும் அதற்கே போய்விடும். செய்தி, பாட்டு, நாற்காலி, மைக் என்று அலைந்த பிறகு ஆட்களைச் சந்திக்க நேரம் மிஞ்சாது. வருகிற ஐந்தாறு பேரும் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகவே பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது மிகவும் கடினம்.

போகும் முன்

அந்தியோகியா சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்துத்தான் பர்னபாவையும் பவுலையும் அனுப்பியது (அப்போஸ்தலர் 13:1-3). அவர்களும் திரும்பி வந்து நடந்ததையெல்லாம் அந்தச் சபைக்கு அறிவித்தார்கள் (14:27). உங்களை அனுப்புகிற சபையோடு நான்கு விஷயங்களை எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்: யாருக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும், பண உதவி எத்தனை ஆண்டுகள், அது ஆண்டுதோறும் எவ்வளவு குறையும், ஊழியர் நோயுற்றாலோ விலகினாலோ யார் பொறுப்பு. வாய்ப்பேச்சாக விட்டால் இரண்டாம் ஆண்டில் மனக்கசப்பு நிச்சயம். பகுதி நேர வேலை பார்ப்பதில் எந்தக் குறைவும் இல்லை. கொரிந்துவில் பவுல் கூடாரம் பண்ணினார் (18:3). வேலை இருந்தால் அந்த இடத்து மக்களோடு இயல்பாகப் பழகவும் வழி கிடைக்கும்.

முதல் ஆறு மாதம்

அங்கே ஏற்கெனவே ஊழியம் செய்கிற போதகர்களை முதலில் போய்ப் பாருங்கள். எந்தப் பகுதியில் யாரும் இல்லை என்பதை அவர்களே சொல்வார்கள். பிறகு வீடுகள். ஒரு நோட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர்கள், சந்தித்த தேதி, அவர்கள் கேட்ட ஜெப விண்ணப்பம், அடுத்து போக வேண்டிய நாள் ஆகியவை போதும். அந்தரங்கமான விஷயங்களை எழுதி வைக்காதீர்கள், நோட்டு தொலையக்கூடும். விண்ணப்பம் கேட்டுவிட்டு அடுத்த முறை அதைப் பற்றி விசாரிக்காமல் போனால், நீங்கள் ஜெபிக்கவே இல்லை என்றுதான் அவர்கள் நினைப்பார்கள்.

நீங்கள் தேட வேண்டியது தன் வீட்டைத் திறந்து தருகிற ஒருவரை. பிலிப்பியில் லீதியாள் செய்தது அதுதான் (அப்போஸ்தலர் 16:15). கூடுகையை உங்கள் வீட்டில் வைக்காமல் அவர் வீட்டில் வையுங்கள். அங்கேதான் அவருடைய உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கூச்சமில்லாமல் வந்து உட்காருவார்கள்.

வேதபாடத்தை ஒரு மணி நேரத்துக்குள் இப்படி நடத்தலாம். மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொண்டு வாரம் பத்து முதல் இருபது வசனம் பாருங்கள். இரண்டு பேர் மாறி மாறி முழுப் பகுதியையும் சத்தமாக வாசிக்கட்டும். மூன்றாவது ஒருவர் வேதத்தை மூடிவிட்டுத் தன் சொந்த வார்த்தைகளில் அதைச் சொல்லட்டும். அவர் விட்டதை மற்றவர்கள் சேர்ப்பார்கள். பிறகு மூன்று கேள்விகள்: தேவனைப் பற்றி இதில் என்ன தெரிகிறது, மனிதனைப் பற்றி என்ன தெரிகிறது, இந்த வாரம் நான் எதற்குக் கீழ்ப்படிய வேண்டும். அடுத்த வாரம் தொடங்கும்போது அந்த மூன்றாம் கேள்வியை விசாரியுங்கள். நடத்துகிறவர் மொத்த நேரத்தில் கால்வாசிக்கு மேல் பேசக் கூடாது. கேள்வி கேட்டதும் அமைதி நிலவினால் பத்து விநாடி பொறுத்திருங்கள், யாராவது வாய் திறப்பார்கள். நீங்களே பதில் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் ஒருவரும் யோசிக்க மாட்டார்கள். நான்காம் மாதத்தில் வேறொருவர் நடத்தட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

உதவியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வறுமையில் இருப்பவருக்கு உதவுங்கள், ஆனால் கூடுகைக்கு வருவதோடு அதை ஒருபோதும் முடிச்சுப் போடாதீர்கள். வராதவருக்கும் அதே உதவி கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவிசேஷமே விலை பேசப்பட்டதாகிவிடும், பல நாடுகளில் அது சட்டச் சிக்கலாகவும் முடியும். ஞானஸ்நானத்துக்கும் அவசரம் வேண்டாம். மனந்திரும்புதல், விசுவாசம், சபை வாழ்க்கை இவற்றை ஆறு முதல் எட்டு வாரம் படித்து, தன் சாட்சியைத் தானே சொல்லக்கூடியவருக்குக் கொடுங்கள். எண்ணிக்கை காட்டுவதற்காகக் கொடுத்த ஞானஸ்நானங்களில் பலர் ஒரு வருடத்துக்குள் காணாமல் போகிறார்கள்.

வேறு சபையிலிருந்து வருகிறவர்கள்

சிறிய சபைக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை. நன்றாகப் பாடத் தெரிந்த, ஜெபிக்கத் தெரிந்த, காணிக்கை கொடுக்கிற ஒரு குடும்பம் வந்து நிற்கும்போது உடனே பொறுப்புக் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். ஏன் விலகி வந்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் அறிய அந்தப் போதகரோடும் பேசுங்கள். தீராத சண்டை இருந்தால் ஒப்புரவாகத் திருப்பி அனுப்புங்கள். அங்கே அவர்களுக்குத் தீங்கு இழைக்கப்பட்டிருந்தால் திருப்பி அனுப்பாமல் பாதுகாப்புக் கொடுங்கள். மற்றவர்களையும் ஆறு மாதம் சும்மா உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். முந்தின சபையின் போதகரைத் தூஷித்துக்கொண்டே வருகிறவர் நாளை உங்களையும் அப்படித்தான் பேசுவார். புது விசுவாசிகளோ இவர்களுடைய ‘எங்கள் பழைய சபையில் இப்படி’ என்ற பேச்சில் வாயடைத்துப் போவார்கள்.

எப்போது ஞாயிறு ஆராதனை?

மூன்று நான்கு குடும்பங்களிலிருந்து எட்டுப் பத்துப் பெரியவர்களாவது நான்கு வாரத்தில் மூன்று வாரம் தவறாமல் வர வேண்டும். எல்லாரும் ஒரே குடும்பமாக இருந்தால் வீட்டுச் சண்டை சபைச் சண்டையாகிவிடும். வரவேற்பு, பிள்ளைகள், பாட்டு, கணக்கு, வந்தவர்களைப் பின்தொடர்வது என்று ஐந்து வேலைக்கும் ஆட்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் காத்திருங்கள்.

ஹாலில் ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர் கணக்கு. நாற்காலிகளில் ஐந்தில் நான்கு நிறைந்துவிட்டாலே புதியவர் நுழையத் தயங்குவார். முப்பது பேருக்கு மைக் வேண்டாம், அண்டை வீட்டாரின் பகையை முதலில் சம்பாதித்துத் தருவது ஸ்பீக்கர்தான். ஆராதனை மொத்தம் ஒன்றரை மணி நேரம், அதில் செய்தி அரை மணி. புதிதாக வந்தவரை இரண்டு நாளுக்குள் விசாரியுங்கள், போதகர் மட்டுமல்ல, ஒரு விசுவாசியும். பிள்ளைகள் வகுப்பில் உறவினரல்லாத இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். ஆள் இல்லாத வாரம் வகுப்பு இல்லை.

பணம்

இதில் பவுல் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார் என்பதை 2 கொரிந்தியர் 8:20-21 காட்டுகிறது. ஆராதனை முடிந்தவுடன், அதே இடத்தில், ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவர் காணிக்கையை எண்ணட்டும். முதலில் ஒருவர் எண்ணித் தொகையைத் தாளில் எழுத வேண்டும். அதைப் பார்க்காமல் மற்றவர் எண்ணிச் சரிபார்த்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். அடுத்த வேலைநாளில் முழுத் தொகையும் வங்கியில். செலவு அவசரம் என்று அதிலிருந்து ஒரு நோட்டையும் எடுக்கக் கூடாது, எடுத்தால் ரசீதும் கணக்கும் என்றைக்கும் பொருந்தாது. கணக்கு சபையின் பெயரில் இருக்கட்டும், பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும், அதில் போதகரும் அவர் மனைவியும் வேண்டாம். மாதம் ஒருமுறை வரவு செலவை எல்லாருக்கும் வாசியுங்கள். பதிவு விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும், வங்கிக் கணக்குத் திறக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

வளர்ச்சி எங்கே நிற்கிறது

எல்லா வீட்டுக்கும் போதகரே போக வேண்டும் என்றிருக்கும் சபை, அவருடைய பலம் தீரும் இடத்தில் நின்றுவிடும். அப்போஸ்தலர் 6-ல் பந்தி விசாரிப்பு, அதாவது உணவு பகிர்ந்து கொடுக்கும் வேலை, ஏழு பேரிடம் போனது இதனால்தான். வீட்டுக் குழுவில் பன்னிரண்டு பேர் தவறாமல் வந்தால் இரண்டாகப் பிரியுங்கள். ஆனால் இரண்டாவது குழுவை நடத்த ஒருவர் மூன்று மாதமாவது பழகியிருக்க வேண்டும்.

சபையை நடத்தும் மூப்பர்களை நியமிப்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரை நியமித்தால் அவர் பெருமையில் விழுவார் (1 தீமோத்தேயு 3:6). வெளியிலிருந்து ஆள் வரும் என்று பத்து வருடம் காத்திருந்தால் சபை குழந்தையாகவே இருக்கும். மிஷனரி சங்கங்களின் செயலாளர்களாக இருந்த ஹென்றி வென், ரூஃபஸ் ஆண்டர்சன் இருவரும் 19ஆம் நூற்றாண்டிலேயே வலியுறுத்தியது இதைத்தான்: சபை தன்னைத் தானே ஆள வேண்டும், தாங்க வேண்டும், பரப்ப வேண்டும். தீத்து 1-ல் உள்ள தகுதிகளை வைத்துக்கொண்டு மூன்று நான்கு பேரோடு இரண்டு ஆண்டு மாதந்தோறும் உட்காருங்கள். பிரசங்கம், துக்க வீடு, சமரசம், கணக்கு எல்லாவற்றுக்கும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மூன்றாம் ஆண்டில் தொடர்ந்து நான்கு ஞாயிறு வெளியூர் போய்விடுங்கள், போன் செய்யாதீர்கள். திரும்பி வந்ததும் வருகை எத்தனை என்று கேட்பதற்கு முன், அந்த மாதம் நோயுற்றவர்களை யார் போய்ப் பார்த்தார்கள், புதிதாக வந்தவரை யார் விசாரித்தார்கள் என்று கேளுங்கள். பெயர்கள் வந்தால் அவர்களை மூப்பர்களாக நியமிக்கும் பேச்சைத் தொடங்குங்கள். பெயர் வரவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் அவர்களோடு வீடு வீடாக நடங்கள்.