துப்பைத் தேடாதீர்கள், சாக்கைத் தேடுங்கள்: மாயாஜால நாவலை மறுவாசிப்புச் செய்யும் முறை

ஒரு நாவலின் கடைசியில் முடிச்சு அவிழும்போது "அடடா, இதை முன்பே சொல்லியிருந்தார்களே" என்று தோன்றினால் எழுதியவர் யோக்கியமானவர். "இது எங்கிருந்து முளைத்தது?" என்று தோன்றினால் அவர் நம் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார். ஆனால் முதல் வாசிப்பை நம்பி இந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியாது. கதை இழுக்கிற வேகத்தில் பாதியைக் கவனிக்காமல் ஓடியிருப்போம். அதனால்தான் மறுவாசிப்பு.

முடிவு தெரிந்த பிறகு படிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலப்பதிகாரத்தின் பதிகம் கதை முழுவதையும் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகும் நாம் முப்பது காதைகளையும் படிக்கிறோம்.

கீழே எல்லா உதாரணங்களும் ஜே.கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசையில் 1999இல் வந்த மூன்றாம் நாவலிலிருந்து, அதாவது அஸ்கபான் சிறையிலிருந்து சிரியஸ் பிளாக் தப்பிவரும் கதையிலிருந்து. அதன் ரகசியங்கள் எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் உடைக்கப்போகிறேன். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

படி 1: சரியான புத்தகம், சரியான பிரதி

முதல் முயற்சிக்கே பல பாகங்கள் கொண்ட காவியத்தில் கை வைக்க வேண்டாம். போட்ட முடிச்சை அதே புத்தகத்துக்குள் அவிழ்க்கும் நாவலாகப் பாருங்கள். மூன்றாம் நாவலை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம், அதன் 22 அத்தியாயங்களில் முக்கியமான புதிர்கள் எல்லாம் தீர்ந்துவிடுகின்றன என்பதுதான்.

பென்சில் வைக்கக் கூசாத பிரதி வேண்டும். பெங்களூரில் இருப்பவர்களுக்கு இது பெரிய பாடில்லை. எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கினால் சர்ச் ஸ்டிரீட் நடக்கும் தூரம்தான். பிளாசம், புக்வோர்ம் போன்ற கடைகளில் பழைய பிரதிகள் கிடைக்கும். வாங்கும்போது உள்ளே புரட்டிப் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் அடிக்கோடு போட்ட பிரதி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அவர் கண்ணால்தான் படிக்க நேரும். ஒயிட்ஃபீல்டு போகும் மெட்ரோவில் நின்றுகொண்டே படிப்பவர்கள் ஒட்டுச் சீட்டுகளை வைத்துக்கொண்டால் போதும், வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம்.

படி 2: ரகசியங்களை முதலில் எழுதுங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் நோட்டின் முதல் பக்கத்தில், முடிவில் வெளிப்பட்ட ரகசியங்களை நினைவிலிருந்து எழுதுங்கள். நம் நாவலுக்கு இப்படி வரும்: ஹாரியின் நண்பன் ரான் வளர்க்கும் எலி ஸ்கேபர்ஸ் உண்மையில் பீட்டர் பெட்டிக்ரூ என்ற மனிதன், சிரியஸ் கொன்றுவிட்டதாக எல்லாரும் நம்புகிறவன். பேராசிரியர் லூப்பின் முழுநிலவில் ஓநாயாக மாறும் மனிதர். தோழி ஹெர்மயனி காலத்தில் பின்னோக்கிப் போய் ஒரே நேரத்தில் பல வகுப்புகளுக்குச் செல்கிறாள். சிரியஸ் பிளாக் குற்றமற்றவன்.

இவற்றுக்கு வெளியே எதையும் இந்த வாசிப்பில் தேடாதீர்கள். "எதுவும் துப்பாக இருக்கலாம்" என்று தொடங்கினால் மூன்றாம் அத்தியாயத்தில் களைத்துப்போவீர்கள்.

படி 3: நோட்டில் மூன்று பத்திகள்

பக்க எண்ணுக்கு ஒரு பத்தி, கண்ணில் பட்டதற்கு ஒரு பத்தி. மூன்றாவது பத்திதான் இந்த முறையின் உயிர்: அதற்குச் சொல்லப்பட்ட சாக்கு.

நல்ல நாவலாசிரியர் துப்பை மறைப்பதில்லை. வாசலிலேயே வைக்கிறார். கூடவே, அது ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஒரு சாக்கையும் வைக்கிறார். நமக்குக் காரணம் கிடைத்துவிட்டதால் மேற்கொண்டு கேட்பதில்லை. ஆகவே மறுவாசிப்பில் "இங்கே என்ன ஒளிந்திருக்கிறது?" என்று கேட்பதை விட "இதற்கு எனக்கு என்ன சமாதானம் சொன்னார்கள், நான் ஏன் ஒப்புக்கொண்டேன்?" என்று கேட்பது பலன் தரும்.

ஸ்னீக்கோஸ்கோப் என்ற பம்பரம் போன்ற கருவியை எடுத்துக்கொள்வோம். நம்பத்தகாதவர் அருகில் இருந்தால் அது ஒளிவிட்டுச் சுழலும். முதல் அத்தியாயத்தில் ரான் அதை ஹாரிக்குப் பிறந்தநாள் பரிசாக எகிப்திலிருந்து அனுப்புகிறான். அண்ணன் பில் அதை வெறும் குப்பை என்கிறானாம், ஏனென்றால் முந்தைய இரவு சாப்பாட்டின்போது அது ஓயாமல் ஒளிவிட்டதாம். ஆனால் இரட்டைத் தம்பிகள் பில்லின் சூப்பில் வண்டுகளைப் போட்டிருந்தது அவனுக்குத் தெரியாது என்றும் ரான் எழுதுகிறான். நாம் சிரிக்கிறோம். கருவி ஏன் ஒளிவிட்டது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. குடும்பத்தோடு எலியும் எகிப்துக்குப் போயிருந்ததை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

ஐந்தாம் அத்தியாயத்தில், ரயிலில், ஹாரியின் பயணப் பெட்டிக்குள் அது மறுபடி விசிலடிக்கிறது. ஆந்தையின் காலில் கட்டும்போதும் இப்படித்தான் செய்தது என்கிறான் ரான். அப்போது நீ ஏதாவது தப்புக் காரியம் செய்துகொண்டிருந்தாயா என்று ஹெர்மயனி கேட்கிறாள். நீண்ட தூரத்துக்கு அந்தக் கிழட்டு ஆந்தையை அனுப்பியிருக்கக் கூடாது என்று அவன் வழிகிறான். இன்னொரு சாக்கு. போதாக்குறைக்கு முன்பின் தெரியாத ஒரு பேராசிரியர் அவர்களோடு அதே ரயில் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கிறார், சந்தேகப்படுகிற வாசகரின் பார்வையும் அவர் பக்கம் போய்விடும். மூன்றாவது முறை, பதினொன்றாம் அத்தியாயத்தின் கிறிஸ்துமஸ் காலையில், பூனை எலியின் மேல் பாய்கிற களேபரத்தில் அது பழைய காலுறையிலிருந்து உருண்டு விழுந்து சுழல்கிறது. அன்று யார் அனுப்பியது என்றே தெரியாமல் விலையுயர்ந்த பறக்கும் துடைப்பம் ஒன்று வந்திருக்கிறது. கருவியைப் பார்க்க யாருக்கு நேரம்?

கருவி மூன்று முறையும் உண்மையைத்தான் சொன்னது. எலி அருகிலேயே இருந்தது. நோட்டில் இந்த மூன்று வரிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நிற்கும்போது கிடைக்கிற மகிழ்ச்சிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

படி 4: சாக்குகள் வழக்கமாகக் குடியிருக்கும் இடங்கள்

முதல் இடம் நகைச்சுவை. மேலே பார்த்தோம். இன்னொன்று: ஏழாம் அத்தியாயத்தில், எதிரே நிற்பவர் எதற்கு அஞ்சுகிறாரோ அந்த உருவை எடுக்கும் போகார்ட் லூப்பின் முன்னால் வெள்ளி நிற உருண்டையாகிறது. பேராசிரியர் ஏன் படிக உருண்டைக்குப் பயப்படுகிறார் என்று ஒரு மாணவி வியக்கிறாள். அது முழுநிலவு. ஜோசிய வகுப்புக்குப் போய்வந்த பெண்ணுக்குப் படிக உருண்டை நினைவுக்கு வருவது இயல்புதான் என்பதால் நாமும் தலையாட்டிவிட்டுப் போகிறோம்.

இரண்டாவது இடம் பட்டியல். ஐந்தாம் நாவலில் (2003) பிளாக் குடும்பத்துப் பழைய வீட்டைச் சுத்தம் செய்யும்போது கிடைக்கிற தட்டுமுட்டுச் சாமான்களின் வரிசையில், யாராலும் திறக்க முடியாத கனமான லாக்கெட் ஒன்று நடுவில் செருகப்பட்டிருக்கிறது. பட்டியல் ஒரு பதக்கத்தில் முடிகிறது, அந்தப் பதக்கத்தைப் பற்றி சிரியஸ் ஒரு கிண்டல் அடிக்கிறான். வாசகர் கிண்டலை நினைவில் வைத்துக்கொண்டு லாக்கெட்டை மறக்கிறார். பட்டியலைக் கண்டால் நடுவில் உள்ளதைப் படியுங்கள். முதலும் கடைசியும் தானாகவே மனத்தில் நிற்கும்.

மூன்றாவது இடம் சண்டை. எலி இளைத்துப்போவதற்கு எகிப்துப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறான் ரான், பிறகு ஹெர்மயனியின் பூனைதான் காரணம் என்று அவளோடு மல்லுக்கு நிற்கிறான். சண்டை வந்தால் நாம் பக்கம் பிரிந்துவிடுவோம், பொருளைப் பார்க்க மாட்டோம். பூனையை வாங்குவதற்கு முன்பே எலி நோஞ்சானாகிவிட்டது என்பதை நான்காம் அத்தியாயமே சொல்கிறது. அதே கடைக்காட்சியில் எலியின் முன்னங்காலில் ஒரு விரல் இல்லை என்றும், சாதாரண எலி மூன்றாண்டுக்கு மேல் வாழாது என்றும் வருகிறது. பத்தாம் அத்தியாயத்தில், பெட்டிக்ரூவின் உடலில் மிஞ்சியது ஒரு விரல்தான் என்று பெரியவர்கள் மது விடுதியில் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் ஆறு அத்தியாய இடைவெளி. இரண்டு விரலையும் சேர்த்துப் பார்த்தவர்கள் முதல் வாசிப்பில் மிகக் குறைவாகவே இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

படி 5: பார்த்தது வேறு, முடிவுகட்டியது வேறு

கதை முழுவதும் ஏறக்குறைய ஹாரியின் தோளுக்குப் பின்னாலிருந்துதான் சொல்லப்படுகிறது. அவன் கண்ட காட்சி உண்மை. அவன் கட்டிய முடிவு உண்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பென்சிலில் இரண்டு அடையாளங்கள் வைத்துக்கொள்ளுங்கள்: காட்சிக்குச் சிறு புள்ளி, யூகத்துக்கு அலைகோடு.

சிறையில் சிரியஸ் தூக்கத்தில் "அவன் ஹாக்வார்ட்ஸில் இருக்கிறான்" என்று முணுமுணுத்தான் என்கிறார்கள். ஹாக்வார்ட்ஸ் ஹாரி படிக்கும் பள்ளி. இது காட்சி. ஹாரியைக் கொல்லத்தான் வருகிறான் என்பது யூகம், அதுவும் எல்லாருடைய யூகம். என் அக்கா மகள் கோரமங்களாவில் தங்கி வேலை பார்க்கிறாள். அவளை இந்த வரியில் நிறுத்தி, "யார் அந்த 'அவன்'?" என்று கேட்டேன்.

"ஹாரிதான், சித்தி. அவனுடைய பெயரைச் சொல்லவில்லையா?"

"எங்கே சொன்னான், காட்டு."

பக்கத்தைப் புரட்டினாள், முன்னால் போனாள், பின்னால் வந்தாள். பெயர் எங்கும் இல்லை. பிறகு தானே முதல் அத்தியாயத்துக்குப் போய், செய்தித்தாளில் வந்த எகிப்துப் புகைப்படத்தில் ரானின் தோளில் எலி உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். குறுக்கெழுத்துப் போடுவதற்காக என்று சொல்லி சிரியஸ் அமைச்சரிடம் கேட்டு வாங்கியது அந்தச் செய்தித்தாளைத்தான். குறுக்கெழுத்து! சாக்குப் பத்தியில் அவள் அதைப் பெரிய எழுத்தில் எழுதினாள்.

படி 6: காலக்கோடு வரையுங்கள்

ஓநாய், நிலவு, காலப்பயணம் என்று வந்துவிட்டால் காகிதத்தில் தேதி வரிசை போடாமல் முடியாது. லூப்பின் எப்போதெல்லாம் நோய்வாய்ப்படுகிறார், சக ஆசிரியர் ஸ்னேப் எப்போது மருந்துக் கோப்பையைக் கொண்டுவருகிறார் என்று ஒரு கோட்டில் குறியுங்கள். பதினேழாம் அத்தியாயத்தில் லூப்பினே ஹெர்மயனியிடம், முழுநிலவு நாள்களில் நான் நோயுறுவதைக் கவனித்தாயா, அல்லது போகார்ட் நிலவாக மாறியதைக் கண்டாயா என்று கேட்கிறார். ஆசிரியரே விடைத்தாளை நீட்டுகிற இடம் இது.

பிறகு பதினாறாம் அத்தியாயத்தையும் இருபத்தொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டிலும் ஒரே மாலைப்பொழுது. முதல் முறை மூவரும் மறைந்திருக்கும்போது, யாரோ இருவர் கூடத்தைக் கடந்து ஓடும் சத்தமும் கதவு அறையும் சத்தமும் கேட்கின்றன. அந்த இருவர் அவர்களேதான், திரும்பி வந்தவர்கள். கோடரி விழும் ஓசையும் அப்படித்தான்: முதலில் மரண தண்டனை விதிக்கப்பட்ட பக்பீக் என்ற விலங்கின் தலை போயிற்று என்று நினைக்கிறோம், இரண்டாம் முறை கோடரி வேலியில் பாய்கிறது. ஓசை மாறவில்லை.

படி 7: குப்பையைக் கழியுங்கள்

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். நோட்டு நிறைய நிறைய எல்லாமே துப்பாகத் தெரியும், திரைச்சீலையின் நிறம்கூட. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை எழுதும்போது எங்கோ கிடக்கும் சொல்லைத் தூக்கி எங்கோ கொண்டுபோய் மாட்டிப் பொருள் சொன்னார். முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் மறைமலையடிகள் அதைக் கடிந்துகொண்டார். உரையாசிரியருக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்.

என்னுடைய சோதனை கறாரானது. சாக்குப் பத்தி காலியாக இருந்தால் அடித்துவிடுவேன்: சாக்கு தேவைப்படாத பொருள் பெரும்பாலும் வெறும் அலங்காரம். அந்த வரியை நீக்கினாலும் ரகசியம் அதே அளவுக்கு நியாயமாக நிற்கிறதா என்றும் பார்ப்பேன். நிற்கிறது என்றால் அதுவும் போகும். பெயர்களின் மூலப்பொருளை ஆராய்வது, எண்களைக் கூட்டிக் கழிப்பது ஆகியவற்றை நான் தொடுவதேயில்லை. கைக்கு வந்ததையெல்லாம் எதற்கு வேண்டுமானாலும் பொருத்திவிடலாம் என்பதால் அவற்றில் சுவை இல்லை.

படி 8: வரிசை நாவல்களுக்குப் போகலாம்

ஒற்றை நாவலில் கை பழகிய பிறகு பல பாகங்களுக்குள் நுழையுங்கள். மேலே சொன்ன லாக்கெட்டையே பாருங்கள். 2005 ஜூலை 16இல் வந்த ஆறாம் நாவல், ஒரு லாக்கெட்டை எடுத்துச் சென்றவர் விட்டுப்போன குறிப்பில் இருந்த ஆர்.ஏ.பி. என்ற மூன்று எழுத்துகளைப் புதிராக விட்டுவிட்டு முடிந்தது. ஏழாம் நாவல் வந்தது 2007 ஜூலை 21இல். நடுவிலிருந்த இரண்டாண்டுகளில் வாசகர்கள் ஐந்தாம் நாவலின் தட்டுமுட்டுப் பட்டியலுக்குத் திரும்பிப் போனார்கள், சிரியஸின் தம்பி ரெகுலஸ் பிளாக்கின் பெயருக்கு வந்து சேர்ந்தார்கள். 

கூட்டாகச் செய்தால் இன்னும் நல்லது. நான்கு பேர் போதும். கப்பன் பூங்காவின் மரத்தடியோ அல்சூரில் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியோ எதுவானாலும் சரி. ஒருவர் துப்பைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதன் சாக்கைக் கேட்க வேண்டும், சொல்ல முடியாவிட்டால் அந்தத் துப்பு தள்ளுபடி. புத்தகத்தை முடிக்காதவரை மட்டும் சேர்க்காதீர்கள்.

முதல் பயிற்சியாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் நாவலில் (1998) ஹாரி ஒரு கடையில் பெரிய கறுப்பு அலமாரிக்குள் ஒளிகிறான். அதே நாவலில் பள்ளிக்குள் இன்னோர் அலமாரி மேலிருந்து விழுந்து நொறுங்குகிறது. ஆறாம் நாவல் வரை அந்த இரண்டையும் விடாமல் பின்தொடருங்கள், ஒவ்வொரு முறையும் என்ன சாக்குச் சொல்லப்பட்டது என்று மூன்றாம் பத்தியில் எழுதிக்கொண்டு.