எட்டரைக்கு விளக்கணைக்க

மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை 6.30-க்கு எழுந்தால்தான் ஸ்கூல் வேனைப் பிடிக்கலாம் என்றால், இரவு 8.30-க்கு விளக்கு அணைய வேண்டும். முதலில் எழுப்பும் நேரத்தை நிலையாக்குங்கள், ஞாயிறு உட்பட.

7.15-க்குச் சாப்பாடு. பிறகு வெதுவெதுப்பான நீரில் உடம்பு கழுவல்; சென்னைப் புழுக்கத்தில் இதை விட்டால் குழந்தை கசகசவென்று புரண்டுகொண்டே இருக்கும். பட்டாணி அளவு பேஸ்டில் பல் தேய்த்து, ஒரே ஒரு கதை. பத்து நிமிடம் முன்னே பின்னே ஆகலாம், வரிசை மாறக் கூடாது.

கெடுப்பவை: நாலு மணி தாண்டும் பகல் தூக்கம், ஹாலில் அலறும் சீரியல், எட்டு மணிக்கு வந்து தூக்கிப் போட்டு விளையாடும் அப்பா. கதையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

இப்போது பத்துக்குத் தூங்கும் குழந்தையா? மூன்று நாளுக்கொரு முறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். ஒரே நாளில் மாற்றினால் இருட்டில் அழுகைதான்.