ஹிமேஜி கோட்டையும் என்க்யோஜி கோயிலும் ஒரே நாளில்

ஜப்பானின் ஹிமேஜி கோட்டைக்குக் காலை 9 மணிக்கே போய்விடுங்கள். ஹிமேஜி ரயில் நிலையத்திலிருந்து நேர்சாலையில் 20 நிமிட நடை. 1609-இல் எழுந்த பிரதான கோபுரம் வெளியே ஐந்து அடுக்காகத் தெரியும். உள்ளே ஆறு மாடிகள், கீழே ஒரு நிலவறை. படிகள் ஏணிபோலச் செங்குத்து. கூட்டம் சேர்ந்தால் வரிசை நகராது. வாசலில் காலணியைக் கழற்றி, பையில் போட்டுக் கையோடு தூக்கிச் செல்ல வேண்டும். கயிறு கட்டும் ஷூ வேண்டாம். வழவழப்பான மரத்தரையில் சாதாரணக் காலுறை வழுக்கும். அடியில் ரப்பர் பிடிப்புள்ளது நல்லது. குளிர்காலத்தில் தடித்த காலுறை அவசியம், தரை சில்லிடும்.

மதியம், நிலையத்திலிருந்து 8-ஆம் எண் பேருந்தில் ஷோஷா மலையடிவாரம், அரை மணி நேரம். ரோப்கார் நான்கே நிமிடம். அதன்பின் மலைமேல் உள்ள என்க்யோஜி கோயிலுக்கு மலைப்பாதையில் நடை. கடைசி ரோப்கார் நேரத்தை ஏறும்போதே பார்த்துவையுங்கள்.