அமெரிக்கக் கல்லூரி விடுதியில் அமைதித் தளம்: சேர்வதற்கு முன்னும் சேர்ந்த பின்னும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்குச் சேருபவர்கள் விடுதி விண்ணப்பத்தை நிரப்பும்போது, தூங்கும் நேரம், சுத்தம், விருந்தினர் வருகை பற்றிய கேள்விகளுக்கு நடுவே ‘குவயட் ஃப்ளோர்’ எனப்படும் அமைதித் தளம் வேண்டுமா என்ற கேள்வியையும் பல இடங்களில் பார்க்கலாம். ஊரில் இருக்கும் பெற்றோர் அதைப் பார்த்தவுடன் ‘படிக்கத்தானே போகிறாய், அதையே போடு’ என்பார்கள். போடலாம், ஆனால் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்து போடுவது நல்லது.

அமைதி நேரம் என்பது ஏறக்குறைய எல்லா விடுதிகளிலும் உண்டு. வார நாட்களில் இரவு 10 அல்லது 11 மணிக்குத் தொடங்கிக் காலை 7 அல்லது 8 மணி வரை நீடிப்பதும், வெள்ளி, சனி இரவுகளில் நள்ளிரவுக்கு மேல் தொடங்குவதும் வழக்கம். அமைதித் தளத்தில் இந்த நேரம் கூடுதலாக இருக்கும். சில இடங்களில் 24 மணி நேரமும் அதுவே விதி. எது என்பதை விடுதிக் கையேட்டில் படித்துவிடுங்கள். அதற்காக யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பொருளில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சாதாரணக் குரலில் பேசுவதற்குத் தடை இல்லை. அந்தப் பேச்சு தாழ்வாரத்திலோ பக்கத்து அறையிலோ தெளிவாகக் கேட்டால்தான் சிக்கல். இன்னொன்று, உங்கள் தளம் அமைதியாக இருந்தாலும் மேல்தளம் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அறையை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால், மின்தூக்கி, துணி துவைக்கும் அறை, பொதுக்கூடம் ஆகிய மூன்றிலிருந்தும் தள்ளி, கூடுமானால் கடைசி மாடியில் எடுங்கள்.

விண்ணப்பத்தில் நீங்கள் குறிப்பது விருப்பம் மட்டுமே, உத்தரவாதம் அல்ல. ஒற்றைத் தலைவலி, தூக்கக் கோளாறு போன்ற மருத்துவக் காரணம் உள்ளவர்கள் அதை நம்பி இருக்காமல், மருத்துவரின் கடிதத்துடன் மாற்றுத்திறன் சேவை அலுவலகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையொட்டி அந்த அலுவலகம் தரும் ஏற்பாட்டுக்கு இருக்கும் பலம் விருப்பக் குறிப்புக்குக் கிடையாது.

சேர்ந்த பிறகு கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஒலிகள். பாட்டை உரக்க வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கதவைப் பற்றித்தான் யாரும் நினைப்பதில்லை. விடுதிக் கதவுகள் தீத்தடுப்புக்காகத் தாமாகவே மூடிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. கையை விட்டுவிட்டுப் போனால் இரவு 2 மணிக்கு அந்தச் சத்தம் நாலு அறை தாண்டிக் கேட்கும். கைப்பிடியைக் கீழே அழுத்தியபடி கதவை நிலையோடு சேர்த்து, பிறகு கைப்பிடியை மெதுவாக விடுங்கள். நாற்காலியை இழுப்பது, உடற்பயிற்சி எடையைத் தரையில் வைப்பது போன்ற ஒலிகள் காற்றில் போவதைவிடக் கட்டடத்தின் வழியாகவே இறங்கிக் கீழ் அறையின் கூரையில் கேட்கும். நாற்காலிக் கால்களில் ஒட்டும் கம்பளித் துண்டுகளும் ஒரு சிறிய தரைவிரிப்பும் இதற்குப் போதும். அதிர்வில் வைத்த கைபேசியை மேசைமேல் விட்டுத் தூங்காதீர்கள். மேசைப் பலகையே அதைப் பெருக்கிக் காட்டும். ஹெட்ஃபோன் போட்டால் எல்லாம் சரி என்பதும் அரை உண்மைதான். வெளிச்சத்தத்தை அடைக்கும் ஹெட்ஃபோனில் நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காததால், இணைய விளையாட்டில் பேசுபவர்கள் தம்மை அறியாமல் குரலை உயர்த்திவிடுகிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு உண்மையான சோதனை ஊர்க் கடிகாரம். அம்மா காலை வேலைகளை முடித்துவிட்டுக் கைபேசியை எடுக்கும் பத்தரை மணி, நியூயார்க் பக்கத்தில் கோடையில் இரவு 1 மணி. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தைப் பின்தள்ளிய பிறகு சரியாக நள்ளிரவு. ஊருக்குப் பேசும்போது நாம் யாருமே மெல்லப் பேசுவதில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் தாத்தாவின் குரலும் சேர்ந்து தாழ்வாரத்துக்குப் போகும். இதைத் தவிர்க்க மாடிப்படிக்குப் போய்ப் பேசுபவர்கள் உண்டு. கான்கிரீட் சுவரில் எதிரொலித்து எல்லாத் தளங்களுக்கும் கேட்கும் என்பதால் அதைவிட மோசமான இடம் இல்லை. கீழ்த்தளப் பொதுக்கூடம் பரவாயில்லை. எல்லாவற்றையும்விட, அழைப்பையே நியூயார்க் நேரம் காலை 9 மணிக்கு மாற்றிக்கொள்வது மேல்; ஊரில் அப்போது மாலை ஆறரை அல்லது ஏழரை. ஐபிஎல் ரசிகர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை: இந்திய நேரம் மாலை மூன்றரைக்குத் தொடங்கும் ஆட்டம் கிழக்குக் கரையில் காலை 6 மணிக்கும், கலிஃபோர்னியாவில் அதிகாலை 3 மணிக்கும் வரும். கடைசி ஓவரில் வாயைக் கட்டுப்படுத்த முடியாதவர்கள் வேறு தளத்து நண்பர் அறையில் பார்ப்பதே உத்தமம்.

முதல் வாரங்களில் அறைத்தோழருடன் ஓர் ஒப்பந்தம் எழுதச் சொல்வார்கள். பலர் அதைச் சடங்காக நினைத்து எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று எழுதிவிடுகிறார்கள். விளக்கு எத்தனை மணிக்கு அணைய வேண்டும், அலாரத்தை எத்தனை முறை ஒத்திப்போடலாம், அழைப்புகளை எங்கே பேசுவது என்று வெளிப்படையாக எழுதிவைத்தால் பின்னால் முகம் கோணாமல் நினைவூட்டலாம். பக்கத்து அறையில் சத்தம் என்றால் முதலில் நீங்களே போய்க் கதவைத் தட்டி, ‘நாளைக் காலை எனக்குத் தேர்வு, கொஞ்சம் குறைக்க முடியுமா?’ என்று காரணத்தோடு கேளுங்கள். சங்கடப்பட்டுக்கொண்டு சுவரைத் தட்டுவதோ, ஒரு மாதம் பொறுத்துவிட்டு நேராகப் புகார் எழுதுவதோ நம்மவர்களிடம் அதிகம். இரண்டுமே பகையில் முடியும். கேட்டும் அடங்காவிட்டால், தளத்தில் தங்கியிருக்கும் ஆர்.ஏ. எனப்படும் மூத்த மாணவரிடம் சொல்லலாம். இரவில் பணியில் இருப்பவரின் எண்ணைத் தளத்து அறிவிப்புப் பலகையில் தேடினால் கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் ஒலி இருக்கத்தான் செய்யும். தூங்கும் அறைக்குள் 30 டெசிபெலுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. வெப்பமூட்டியின் ஓசையே அதைத் தாண்டக்கூடும். நுரை இயர்பிளக்கை விரல்களுக்கிடையில் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு நுழைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை.

தேர்வு வாரங்களில் முழு விடுதியுமே 24 மணி நேர அமைதிக்கு மாறுவது வழக்கம் என்பதால், அப்போது உங்கள் தளத்துப் படிப்பறையில் மற்றத் தளத்தவர்களும் வந்து உட்காருவார்கள். இடம் வேண்டுமானால் காலையிலேயே போய்விடுங்கள். தளம் தனிமையாகத் தோன்றினால் அறையை மாற்றக் கேட்கலாம். பருவத்தின் முதல் இரண்டு வாரங்கள் பல பல்கலைக்கழகங்களில் அறை மாற்றம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். அதற்குள் விடுதி அலுவலகத்தில் பேசி, அறை மாற்றப் பட்டியல் திறக்கும் நாளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.