கூரையும் பெண்ணும் ஒரு நீண்ட கோடும்: 'அமைதி' எழுத்தைத் தூரிகையால் எழுதும் முறை

சீன, ஜப்பானிய எழுத்துக்கலையில் அமைதியையும் நிலைபேற்றையும் குறிக்கும் எழுத்துகள் பல உண்டு. புதிதாகத் தூரிகை எடுப்பவர்கள் பெரும்பாலும் 'ஜிங்' என்ற எழுத்தின் மீதுதான் ஆசைப்படுகிறார்கள். ஜப்பானியர்கள் அதையே 'செய்' என்று வாசிப்பார்கள். ஓசை அடங்கிய அமைதியைச் சொல்லும் அழகான எழுத்துதான், ஆனால் 14 கோடுகள். 'நிங்' எழுத்து அதைவிடத் தொல்லை. கூரை, இதயம், பாத்திரம், அதன் அடியில் ஆணி வடிவம் என்று நான்கு உறுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். சீனாவில் அதை ஐந்து கோடுகளாகச் சுருக்கிவிட்டார்கள். ஜப்பானில் பழைய வடிவமே நிற்கிறது. எந்த நாட்டு மாதிரியைப் பார்த்து எழுதுவது என்பதிலேயே புதியவருக்குத் தலை சுற்றிவிடும்.

ஆகவே 'ஆன்' (安) எழுத்திலிருந்து தொடங்குங்கள். ஜப்பானிய வாசிப்பில் 'அன்'. மேலே கூரை, கீழே பெண், மொத்தம் ஆறே கோடுகள். சீனா, தைவான், ஜப்பான் மூன்று இடங்களிலும் அடிப்படையில் ஒரே வடிவம். பழைய தலைநகரான சாங்ஆன், பெய்ஜிங்கின் தியான்ஆன்மென் வாயில், ஆன்ஹுய் மாகாணம் எல்லாவற்றின் பெயரிலும் இருப்பது இதே எழுத்துதான். ஜப்பானின் ஹிராகனா என்னும் ஒலியெழுத்து வரிசையில் முதலில் வரும் 'அ' கூட இந்த எழுத்தை வேகமாகச் சுழித்து எழுதியதிலிருந்து பிறந்தது.

2015-இல் ஜப்பானில் 'ஆண்டின் எழுத்து' என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் கியோட்டோவின் கியோமிசு கோயிலில் ஆள் உயரத் தாளில் தலைமைத் துறவி பெரிய தூரிகையால் அந்தந்த ஆண்டின் எழுத்தை எழுதிக் காட்டுவார். அந்த ஆண்டு இந்த எழுத்து வந்ததற்குப் புதிய பாதுகாப்புச் சட்டங்கள் மீதான சர்ச்சையும் மக்களின் கவலையும் முக்கியக் காரணங்கள். அமைதியை நினைத்தல்ல, அமைதி போய்விடுமோ என்ற பதற்றத்தில்தான் பலர் அதற்கு வாக்களித்தார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊதுபத்தி ஏற்றி, மூங்கில் குழல் இசை ஓடவிட்டு, கண்மூடி அமர்ந்தால் எழுத்தில் அமைதி இறங்கும் என்று கற்றுத்தரும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. இந்த எழுத்து அமைதியாகத் தெரிவதும் ஆட்டம் காண்பதும் கடைசிக் கோட்டின் நீளம், நடுவில் விடும் வெள்ளை, மேலும் கீழும் நேர்கோட்டில் நிற்பது ஆகிய மூன்றைப் பொறுத்தவை. கடுங்கோபத்தில் இருந்தாலும் இம்மூன்றும் சரியாக விழுந்தால் எழுத்து நிற்கும்.

பொருள்கள்

தூரிகை, மை, மைக்கல், தாள் ஆகியவற்றைச் சீனர்கள் 'படிப்பறையின் நான்கு செல்வங்கள்' என்பார்கள். நான்கிலும் செலவழிக்க வேண்டியது தூரிகைக்குத்தான்.

முழுக்க ஆட்டுமுடித் தூரிகை வேண்டாம். மிருதுவாக இருக்கும், நிறைய மை குடிக்கும், ஆனால் அழுத்தி எடுத்தால் நிமிராது. 'ஓநாய் முடி' என்று விற்பது உண்மையில் ஒரு வகை மரநாயின் வால்முடி, ஓநாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. அது விறைப்பாக நிற்கும். இரண்டும் கலந்த தூரிகைதான் தொடக்கக்காரருக்குச் சரி. முடிப்பகுதி 4 முதல் 5 செ.மீ. நீளமும் அடிப்பகுதி ஒரு செ.மீ. தடிப்பும் இருந்தால் போதும். புதுத் தூரிகையின் முடியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, விரலால் மெல்லக் கரைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மைக்கட்டியை மைக்கல்லில் தேய்த்து மை எடுப்பது இனிமையான வேலைதான், ஆனால் கற்கும் காலத்தில் தேவையில்லை. புட்டியில் வரும் மை போதும். சீனாவில் யீதேகே, ஜப்பானில் நாரா நகரத்துக் குரேதாக்கே போன்ற பழைய நிறுவனங்களின் மை தாராளமாகச் சரிப்படும். ஆடையில் பட்டால் போகாது, பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

தாள் விஷயத்தில் சீனாவின் புகழ்பெற்ற சுவான் தாளை இப்போது வாங்கவே வாங்காதீர்கள். பதப்படுத்தாத சுவான் தாளில் தூரிகை ஒரு கணம் தயங்கினாலும் மை ஊறிப் பரந்துவிடும். மூங்கில் கூழில் செய்த மஞ்சள் நிறப் பயிற்சித் தாள் மலிவு. குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் கோடு போட்ட கட்டம் அச்சடித்ததாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. நடு அச்சு எங்கே என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் கட்டம். தாளுக்கு அடியில் ஒரு கம்பளித் துணி, மேலே தாளை அழுத்த ஒரு கனமான பட்டை, இவை போதும்.

நீரால் எழுதினால் கறுத்து, காய்ந்ததும் மறையும் பயிற்சித் துணி ஒன்று விற்கிறார்கள். கோடுகளின் வரிசை மனப்பாடமாவதற்கு அது உதவும். மையின் போக்கைக் கற்க உதவாது.

கூரை: முதல் மூன்று கோடுகள்

மாதிரியாக, சீனாவின் தாங் அரச மரபுக் காலத்து எழுத்துக்கலைஞர் யான் ஜென்சிங்கின் எழுத்தைப் பக்கத்தில் வையுங்கள். 709 முதல் 785 வரை வாழ்ந்தவர். கோடுகள் தடித்து, ஊன்றி நிற்கும் கை அவருடையது. அவருக்கு முந்திய ஓயாங் சுனின் எழுத்து இன்னும் கச்சிதமானது, ஆனால் சிறு பிழையையும் மன்னிக்காது. முதலில் யான்.

கட்டத்தின் நடு அச்சில் ஒரு புள்ளி. தூரிகை நுனியை மெல்லத் தொட்டு, வலப்புறம் கீழ்நோக்கி அழுத்தி, வந்த வழியே சற்றுப் பின்வாங்கி எடுக்க வேண்டும். இரண்டாவது, இடப்பக்கத்தில் கீழ்நோக்கிய குட்டைப் புள்ளி. மூன்றாவது கோடு அதன் தலையில் தொடங்கி வலப்புறம் சிறிதே ஏறிச் சென்று, முனையில் ஒரு கணம் ஊன்றி, இடக் கீழ்ப்புறமாகக் கொக்கிபோல் சுண்டி முடியும். சுண்டல் குட்டையாக இருக்கட்டும்.

கூரை உள்ள எழுத்துகளில் பெரும்பாலும் கூரைதான் அகலம், அது கீழே உள்ள அனைத்தையும் மூடும் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். 'ஆன்' அதற்கு விலக்கு. இங்கே கூரையை ஒடுக்கமாகப் போட வேண்டும், கட்டத்தின் அகலத்தில் பாதியைவிடச் சற்றே கூடுதலாக. ஏனென்று அடுத்த பகுதியில் தெரியும்.

பெண்: இங்கேதான் நேரம் பிடிக்கும்

நான்காவது கோடு, கூரைப் புள்ளிக்குக் கீழே சற்று இடம் தள்ளித் தொடங்கி, இடப்புறம் சாய்ந்து இறங்குகிறது. பின் திசை மாறி வலக் கீழ்ப்புறம் செல்கிறது. திரும்பும் அந்த இடம்தான் தமிழ் எழுதிப் பழகிய கைக்குச் சிக்கல். நம் எழுத்துகளில் கை நிற்காமல் வளைந்து ஓடுவது வழக்கம், அதே வேகத்தில் இங்கும் வட்டமாகச் சுழன்றுவிடும். அப்படிச் சுழன்றால் எழுத்தின் இடுப்பே தளர்ந்து போகும். செய்ய வேண்டியது இது: இறங்கி வந்து நில்லுங்கள். தூரிகையைத் தாளிலிருந்து எடுக்காமல், நுனி மட்டும் படும் அளவுக்கு உயர்த்துங்கள். முடிகள் மறுபடி ஒன்று சேர்வதை விரலில் உணரலாம். பிறகு புதுத் திசையில் அழுத்தி இழுங்கள். வெளிப்பக்கம் ஒரு கோணம் தெரிய வேண்டும். இந்த ஒற்றைத் திருப்பத்தை மட்டும் ஒரு தாள் நிறைய எழுதிப் பாருங்கள், முழு எழுத்தைப் பலமுறை எழுதுவதைவிடப் பலன் அதிகம்.

ஐந்தாவது கோடு வலப்புறம் தொடங்கி இடக் கீழ்ப்புறம் வீசிச் செல்லும். போகும் வழியில் நான்காவது கோட்டின் வாலை வெட்டும். வெட்டும் புள்ளி எங்கே விழ வேண்டும்? உச்சியில் முதலில் வைத்தோமே, அந்தப் புள்ளிக்கு நேர் கீழே. கட்டத்தின் நடு அச்சில் விரலை வைத்து இறக்கினால் இரண்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். எழுத்து ஒரு பக்கம் சரிந்து விழுவதுபோல் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான், ஆனால் கண் கூரையைத்தான் குறைசொல்லும்.

ஆறாவது, கடைசிக் கோடு. எழுத்தின் உயிர் இதில்தான். கூரையின் இட விளிம்பைத் தாண்டித் தொடங்கி, நான்காவது கோட்டை ஊடுருவி, ஐந்தாவதன் தலையைத் தொட்டு, கூரையின் வல விளிம்பையும் தாண்டி முடிய வேண்டும். கட்டத்தின் அகலம் முழுவதையும் கிட்டத்தட்ட இது எடுத்துக்கொள்ளும். கூரையை ஒடுக்கச் சொன்னது இதற்காகத்தான். கூரையும் அகலம், இந்தக் கோடும் அகலம் என்றால் இரண்டும் போட்டி போடும். ஓர் எழுத்தில் ஒரு கோடுதான் தலைமை ஏற்க வேண்டும்.

முழங்கையை மேசையிலிருந்து உயர்த்துங்கள். மணிக்கட்டால் இழுத்தால் இவ்வளவு நீளம் வராது, வந்தாலும் வில்லாக வளையும். நுனி இட மேற்புறம் பார்க்கும்படி 45 பாகையில் ஊன்றி, ஒரு கணம் நின்று, முழுக் கையாலும் வலப்புறம் நகர்த்துங்கள். நடுப்பகுதியில் அழுத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள், வேகம் மாறக் கூடாது. மிகச் சிறிதே மேல்நோக்கி ஏறட்டும். முடிவில் நுனியை லேசாகத் தூக்கி, வலக் கீழ்ப்புறம் அழுத்தி, வந்த பக்கமாகவே மடித்து எடுங்கள். ஜப்பானிய வகுப்புகளில் இந்த நிறுத்தத்தைத் 'தோமெ' என்பார்கள். கொக்கி போல் சுண்டுவது 'ஹானெ', வீசிச் சிதறவிடுவது 'ஹாராய்'. இந்த ஆறு கோடுகளுக்குள் மூன்றும் வந்துவிடுகின்றன.

முடித்ததும் கறுப்பைப் பார்க்காதீர்கள், வெள்ளையைப் பாருங்கள். கடைசிக் கோட்டுக்குக் கீழே, நான்காவதும் ஐந்தாவதும் வெட்டும் இடத்துக்கு மேலே, ஒரு சாய்ந்த நாற்கரமாக வெற்றிடம் கிடைத்திருக்கும். அது குறுகி மூச்சு முட்டினால் ஐந்தாவது கோட்டை அடுத்த முறை இன்னும் வலப்புறம் தள்ளித் தொடங்குங்கள். பரந்து தொளதொளவென்று தெரிந்தால் நான்காவது கோட்டின் திருப்பம் அதிகக் கீழே போய்விட்டது என்று பொருள். நான்காவது, ஐந்தாவது கோடுகளின் கீழ்முனைகளான இரண்டு கால்களும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் ஊன்றியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கோடு மெலிந்துவிட்டது என்று அதன்மேல் மறுபடி பூசி ஒட்டுப்போடாதீர்கள். ஜப்பானிய ஆசிரியர்கள் இதைக் கண்டால் தாளையே ஒதுக்கிவிடுவார்கள். மை காய்ந்ததும் ஒட்டு தனியாகக் கறுத்துத் தெரியும்.

இரண்டெழுத்தாக எழுத

'ஆன்' கைக்கு வந்தபின் அதற்கு மேலே 'பிங்' (平) எழுத்தைச் சேருங்கள். 'பிங் ஆன்' என்றால் சீனர்கள் வீட்டு வாசலில் தொங்கவிடும் வாழ்த்து. போகும்போதும் வரும்போதும் ஊறு நேராதிருக்கட்டும் என்று பொருள்படும் நான்கெழுத்துத் தொடரின் பிற்பாதி. ஜப்பானிய வாசிப்பில் இதே இரண்டெழுத்து 'ஹெய்ஆன்'. 794-இல் அமைத்த தலைநகருக்கு ஹெய்ஆன்-கியோ என்று பெயரிட்டார்கள், இன்றைய கியோட்டோ அதுதான்.

'பிங்' ஐந்து கோடு. மேலே குட்டைக் கிடைக்கோடு, அதன் கீழே ஒன்றையொன்று பார்க்கும் இரு புள்ளிகள், பிறகு நீண்ட கிடைக்கோடு, கடைசியாக நடுவில் ஒரு செங்குத்து. கோடு குறைவு என்பதால் சற்றுத் தடிப்பாக எழுதுங்கள், இல்லாவிட்டால் கீழே உள்ள 'ஆன்' அதை விழுங்கிவிடும். இரண்டிலும் நீண்ட கிடைக்கோடு இருப்பது இன்னொரு பிரச்சினை. இரண்டையும் ஒரே நீளத்தில் போட்டால் ஏணிப்படிபோல் தெரியும். 'பிங்'கின் கோட்டைக் கொஞ்சம் குறைத்து, 'ஆன்' கோட்டை முழுதாக விடுங்கள்.

ஜப்பானியப் பயிற்சித் தாளான ஹன்ஷி சுமார் 24 செ.மீ. அகலமும் 33 செ.மீ. உயரமும் கொண்டது. இரண்டெழுத்துக்கு அளவெடுத்தது போல் இருக்கும். இட ஓரத்தில் பெயருக்கு இடம் விட்டு, மீதியை மேல் கீழாக இரண்டாக மடித்து மடிப்புத் தடம் பதித்துக்கொள்ளுங்கள். பெயர் இடப்புறம் சிறிய எழுத்தில், அதன் கீழே செந்நிற முத்திரை. முத்திரை இல்லையென்றால் விட்டுவிடுங்கள், சிவப்புப் பேனாவால் சதுரம் வரைந்து வைப்பது பார்க்கச் சகிக்காது.

பின்சேர்க்கை, வாசகர்களின் கேள்விகளுக்காக

'ஆன்' ஒன்றை மட்டும் எழுதிச் சுவரில் மாட்டலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சீன நண்பர் வீட்டுக்கு என்றால் மாட்டலாம். ஜப்பானில் கடைகளின் விலைப் பலகையில் பெரிதாகத் தெரிவதும் இந்த எழுத்துதான், அங்கே அது 'மலிவு'. ஜப்பானியருக்குப் பரிசளிப்பதானால் 'ஹெய்ஆன்' என்று இரண்டெழுத்தாகவே கொடுங்கள்.

ஐந்தாவது கோட்டின் தலை கடைசிக் கோட்டுக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கலாமா என்று ஒருவர் இரண்டு அச்செழுத்துப் படங்களை அனுப்பிக் கேட்டார். சீன அச்சில் நீட்டாது, ஜப்பானிய அச்சில் சற்று நீட்டும். தூரிகையில் இரண்டும் சரிதான். தொடாமல் இடைவெளி விட்டால்தான் பிழை.

மூங்கில் தாள் கிடைக்காதவர்கள் பழைய செய்தித்தாளில் எழுதுங்கள், மை அவ்வளவாகப் பரவாது. வழவழப்பான அச்சுத் தாளில் மை ஊறாமல் மேலேயே தேங்கி நிற்கும், அழுத்தத்தின் வேறுபாடு தெரியாது.

இடக்கையாளர்களுக்கு: கிடைக்கோடு இடமிருந்து வலம் போவதால் உங்கள் கை தூரிகையை இழுப்பதற்குப் பதில் தள்ளும், 45 பாகை ஊன்றலும் எதிர்ப்பக்கம் விழும். ஆசிரியர்களில் பலர் வலக்கைக்கு மாறச் சொல்வார்கள். பொழுதுபோக்காக எழுதுபவர் மாற வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, தாளைச் சற்று வலப்புறம் தள்ளி வைத்து, நுனியைக் கோட்டின் நடுவிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். ஊன்றலின் சாய்வு மட்டும் மாதிரியைப் போல் இருக்காது, மற்றபடி எழுத்து நன்றாகவே நிற்கும்.