மேல்திரவத்தில் புரதம் இல்லையா? செல்லை உடைத்துப் பாருங்கள்

நமக்கு வேண்டிய புரதத்தின் ஜீனை பிக்கியா ஈஸ்டில் ஏற்றினால், அது அந்தப் புரதத்தைச் செய்து செல்லுக்கு வெளியே தள்ள வேண்டும். நான் முதலில் போட்ட புரதம் வெளியே வரவே இல்லை. ஜீனை இயக்க மூன்று நாள் மெத்தனால் ஊற்றி, செல்களை வண்டலாகப் படியவைத்தபின் மேலே நிற்கும் மேல்திரவத்தை, புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் தடம் வெறுமை. ஜீனே ஏறவில்லை என்று நினைத்து, குளோனிங்கை மறுபடி ஆரம்பத்திலிருந்து செய்தேன். இரண்டாம் முறையும் அதே கதை. அப்போதுதான், இத்தனை நாள் குப்பைக்குப் போன செல் வண்டலை உடைத்துப் பார்க்கத் தோன்றியது. புரதம் அத்தனையும் அதில்தான் இருந்தது.

அதனால் வண்டலைக் கொட்டாதீர்கள். புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் என்சைம்) தடுப்பானோடு கண்ணாடி மணிகளைப் போட்டு அரை நிமிடம் குலுக்கல், அரை நிமிடம் ஐஸ், இப்படி எட்டு முறை. பிறகு மேல்திரவத்துக்குப் பக்கத்திலேயே வைத்து வெஸ்டர்ன் பிளாட் (நம் புரதத்தை மட்டும் ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை) செய்யுங்கள்.

இனி பட்டையின் உயரத்தைப் படிக்க வேண்டும். புரதத்தை வெளியே அனுப்ப அதன் முன்னால் ஒட்டும் ஆல்ஃபா ஃபாக்டர் தலைப்பில் முதல் 19 அமினோ அமிலங்கள், புரதம் மடியும் அறையான உள்வலைக்குள் (ER) நுழையும்போதே வெட்டுப்படும். அடுத்த 66, வெளியே போகும் வழியில் அடுத்த நிலையமான கோல்கி வரை கூடவே போகும். அங்கே கெக்ஸ்2 என்சைம் லைசின்-ஆர்ஜினினுக்குப் பின்னால் வெட்டும். அந்த 66-இல், உள்வலைக்குள் போனால் சர்க்கரை ஒட்டும் இடம் மூன்று உண்டு. எனவே வண்டல் மாதிரியில் கொஞ்சம் எண்டோ எச் (அந்தச் சர்க்கரையை வெட்டும் என்சைம்) சேருங்கள். பட்டை இறங்கியும் முதிர்ந்த (தலைப்பு முழுதும் நீங்கிய) புரதத்தைவிட சுமார் 7 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) மேலே நிற்கிறதா? உள்வலைக்குள் போய்விட்டது, கெக்ஸ்2-இடம் போய்ச் சேரவில்லை. துளியும் இறங்கவில்லை, ஆனால் பெரிதாகவே இருக்கிறது என்றால் உள்வலையின் வாசலிலேயே நிற்கிறது. உங்கள் புரதத்துக்கே சர்க்கரை இடம் இருந்தால் இந்தக் கணக்கு குழம்பும். என்னுடையதில் இல்லை, தப்பித்தேன்.

 

எனக்கு உள்வலையில்தான் தேக்கம். வெப்பநிலையை 28-லிருந்து 22 டிகிரிக்கு இறக்கினேன். குளோனிங் வேலை எதுவும் இல்லாத வழி அது. மேல்திரவத்தில் மெல்லிய பட்டை தெரிந்தது. அப்புறம் ஜீன் நகல் குறைவான குளோனை எடுத்தேன், பட்டை தடித்தது. நகல் கூடினால் விளைச்சலும் கூடும் என்று எப்போதும் நம்ப முடியாது. மடிக்க நேரமில்லாமல் உள்வலை திணறிவிடும். டைசல்ஃபைடு (கந்தக-கந்தக) பிணைப்பு நிறைய உள்ள புரதமென்றால், அதைச் சரியாகப் போட உதவும் பிடிஐ என்சைமையும் சேர்த்து வெளிப்படுத்திப் பாருங்கள்.

மேல்திரவத்தில் ஏணிப்படி போலத் துண்டுகள் தெரிந்தால் அது வேறு நோய்: வெளியே வந்தபின் புரோட்டியேஸ் கடிக்கிறது. பிஎச்சை மாற்றுங்கள், புரோட்டியேஸுக்கு மாற்றுத் தீனியாக 1 சதவீதம் கேசமினோ அமிலம் (பால் புரதத்தை உடைத்த அமினோ அமிலக் கலவை) சேருங்கள்.